குளத் திருநாளும் பெருச்சாளி வளையும்

காட்டோரத்தில் இருந்த சின்னக் குளத்தில் ஒரு தாய் விரால் மீன் வாழ்ந்தது. அன்று காலையிலிருந்தே அதற்கு இருப்புக் கொள்ளவில்லை. நேற்றுவரை தண்ணீருக்குள் கிடந்த பாறை இன்று வெளியே தலைநீட்டியிருந்தது. செந்நிறக் குஞ்சுகளோ எதுவும் தெரியாமல் கும்மாளம் போட்டன.

விரால் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேற்குக் கரையின் அடியில் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓர் ஓட்டைக்குள் போனது. பெருச்சாளி தோண்டிய வளை! கரைக்கு அந்தப் பக்கம் ஓடும் ஓடையின் சத்தம் அதன் வழியாகக் கேட்டது.

அன்று பார்த்துக் குளத் திருநாள். மிருகங்கள் எல்லாம் ஆளுக்கொரு பச்சை இலையைக் கவ்விக்கொண்டு கரையைச் சுற்றி நின்றன. வெயில் சாயும்வரை யாரும் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. அப்படி நின்றால் குளம் பிழைத்துக்கொள்ளுமாம். எல்லாம் மயிலின் ஏற்பாடு. மயில் மட்டும் இலையைக் கொண்டையில் செருகியிருந்தது. பேச வேண்டுமே!

"மயிலண்ணே! கரையில ஓட்டை விழுந்திருக்கு! ஆளுக்கு ஒரு வாய் மண்ணு போட்டா அடைச்சிடலாம்!" என்று கத்தியது விரால்.

"சும்மா இரு தங்கச்சி! எவ்வளவு அழகா நிக்கிறாங்க பாரு! இப்ப மண்ணு அள்ளினா வரிசை கலைஞ்சிடும்!"

"வரிசை கலைஞ்சா என்ன? என் பிள்ளைங்க செத்துப்போகும்ணே!"

"நாளைக்குப் பாத்துக்கலாம் போ!"

பெருச்சாளி, இருப்பதிலேயே பெரிய இலையைக் கவ்விக்கொண்டு முன்வரிசையில் நின்றது. விரால் முறைத்ததும் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெயில் சாய்ந்தது. "திருநாள் நல்லபடியா முடிஞ்சுது!" என்றது மயில். அவ்வளவுதான்! தொண்டை வறண்டு நின்ற கூட்டம் குளத்தில் பாய்ந்தது. காட்டெருமைகள் வயிறு முட்டக் குடித்தன. மற்ற நாளைவிட அன்றுதான் எல்லாரும் அதிகம் குடித்தார்கள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

விராலின் முதுகு வெளியே தெரிந்தது. இனி யாரைக் கெஞ்சுவது?

"பிள்ளைங்களா, என் பின்னாலேயே வாங்க!" என்று அந்த ஓட்டைக்குள்ளேயே தலையை நுழைத்தது. மண் உரசி உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் நிற்கவில்லை. நெளிந்து நெளிந்து, குஞ்சுகளோடு ஓடையில் போய் விழுந்தது.

மறுநாள் குளத்தில் சேறுதான் மிச்சம். மான் ஒன்று அதை நக்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இப்ப என்ன செய்றது?" என்று அழுதது.

"இதுக்குப் போய் அழுவியா? இன்னொரு திருநாள் வெச்சிடுவோம்!" என்றது மயில்.

பெருச்சாளி முதல் ஆளாக இலை பறிக்க ஓடியது.

ஓட்டையை அடைக்காதவர்கள் கரையைச் சுற்றி எத்தனை நாள் நின்றாலும், குளத்தில் தண்ணீர் நிற்காது.