கம்பளி போர்த்திய கார்

"வண்டி வாங்கின வீட்டுக்காரிதான் பஸ்ஸுக்கு முதல் ஆளா வந்து நிக்கறா."

தெருவில் போன ஒரு பெண் இன்னொருத்தியிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இது. தகர ஷெட்டுக்குள், முழுதாக உறை மூடி நின்றிருந்த புதுக் காரின் காதில் விழுந்தது.

அது ஒரு மலையூர். மார்கழி மாதம். விடியும்போது புல்லின் மேலெல்லாம் உப்பைத் தூவியதுபோல உறைபனி வெளுத்துக் கிடக்கும். அந்த ஊரில் தேயிலைத் தொழிற்சாலையில் மிஷின் பார்க்கும் மருதாசலத்தின் வீட்டுக்கு, கார்த்திகையின் கடைசி நாளில் அந்தக் கார் வந்து சேர்ந்திருந்தது. அந்த வீட்டின் முதல் கார்.

விற்பனைக்காகக் கண்ணாடிக் கூடத்தில் நின்றிருந்தபோதே, தான் எதற்காக வாங்கப்படுகிறோம் என்று அது கேட்டுவிட்டது. "யாருக்கு சார் வண்டி? பிள்ளைங்களுக்கா?" என்று விற்பவர் கேட்டார்.

"பிள்ளைங்க இல்லீங்க. வீட்டுக்காரிக்கு. ஸ்கூல்ல சத்துணவு சமைக்கறா. பனியில பஸ்ஸுக்கு நின்னு நின்னு நெஞ்சுல சளி கட்டிப்போடுது. அதுக்குத்தானுங்க" என்றார் மருதாசலம்.

தான் எதற்குப் பிறந்தோம் என்பது எல்லாருக்கும் அவ்வளவு சீக்கிரம் தெரிந்துவிடுவதில்லை. கார் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது விற்பவர் சொன்னார்: "முதல் ஆயிரம் கிலோமீட்டர் பதமா ஓட்டுங்க சார். அதிக லோடு வேண்டாம். குளிர்ல ஸ்டார்ட் பண்ணினா அரை நிமிஷம் விட்டுட்டு எடுங்க."

மருதாசலம் அதை மனப்பாடமாக வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அரை நிமிஷம் பத்து நிமிஷமாயிற்று. அதிக லோடு வேண்டாம் என்றது, ஆளே ஏற வேண்டாம் என்றாயிற்று. மார்கழியில் புது வண்டியை எடுத்துக்கொண்டு எங்கும் போகக் கூடாது என்பதை அவராகச் சேர்த்துக்கொண்டார். சக்கரத்தடியில் நான்கு எலுமிச்சம்பழம் நசுங்கிய அன்றைக்கு, ஓடிய தூரம் காட்டும் இடத்தில் நாற்பத்தொன்று என்று இருந்தது. அது மாறவே இல்லை.

தினமும் ஆறு மணிக்கு அவர் ஷெட்டுக்கு வருவார். உறையை நீக்குவார். பழைய பனியனால் கண்ணாடியைத் துடைப்பார். எஞ்சினை உறுமவிட்டு, விளக்கு, வைப்பர், ஹார்ன் எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்ப்பார். பிறகு அணைத்துவிட்டு மறுபடி மூடுவார்.

அந்த நேரத்துக்குத்தான் அவர் மனைவி ரேணுகா காதை மூடி மப்ளர் கட்டிக்கொண்டு, டிபன் பையோடு படியேறி கேட்டுக்குப் போவாள்.

"என்ன, சின்னவளுக்குக் காப்பி குடுத்தாச்சா?" என்பாள், காரை அவருடைய இளைய சம்சாரமாக்கி.

"சும்மா போ புள்ள. எஞ்சின் சூடாகணும்."

"எனக்குந்தான் சூடாகலை. யாரு கேக்கறா?"

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிப்பு பாதியில் இருமலாகிவிடும். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, இருமல் அடங்கிய பிறகு நடப்பாள்.

"தை பிறக்கட்டும். மருதமலைக்கு ஒருக்கா போய்ட்டு வந்துட்டா, அப்புறம் தினம் உன்னை ஸ்கூல் வாசல்லயே எறக்கி விடறேன்" என்பார் அவர் பின்னாலிருந்து.

"ஆகட்டும், ஆகட்டும்" என்று சத்தம் மட்டும் மேலே தெருவிலிருந்து வரும்.

கார் பக்கத்தில் நின்ற ஸ்கூட்டரிடம் கேட்டது: "என்னை இவருக்குப் பிடிக்கவில்லையா?"

ஸ்கூட்டர் மூன்று கை மாறி அந்த வீட்டுக்கு வந்தது. உட்காரும் இடத்தில் பஞ்சு தெரியும். "பிடிக்காமலா தினமும் குளிப்பாட்டுகிறார்?" என்றது. "அவரைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் கையில் கட்டியிருக்கும் கடிகாரம் மச்சான் கட்டிக் கழித்தது. என்னை வாங்கும்போது எனக்குப் பிரேக்கே கிடையாது. பழசை எப்படித் தேற்றுவது என்பது அவருக்கு அத்துப்படி. புதுசு ஒன்று வாழ்க்கையில் இப்போதுதான் வந்திருக்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம்."

"என்ன செய்வது? ஏறி உட்கார்ந்து ஓட்டுவது. எனக்குள் இருக்கிற பற்களும் வளையங்களும் இன்னும் ஒன்றுக்கொன்று பழகவில்லை. மேடு ஏறினால்தான் பழகும். இப்படி நின்ற இடத்திலேயே சூடாகி எனக்கு என்ன வரப்போகிறது? புகைதான் வருகிறது."

"சத்தம் போடாதே" என்றது இருக்கையைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை. "என்மேல் இன்னும் ஒரு சுருக்கம் விழவில்லை. ஓரமெல்லாம் ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. இந்தத் தெருவில் யாருக்குக் கிடைத்தது இந்த மரியாதை?"



ஒரு நாள் சாயங்காலம் மருதாசலம் ஒரு கம்பளியோடு ஷெட்டுக்கு வந்தார். பழுப்பு நிறம், ஓரத்தில் சிவப்புக் கோடு. பின்னாலேயே ரேணுகாவும் வந்தாள், ஒரு மெல்லிய சால்வையைச் சுற்றிக்கொண்டு.

"இன்னைக்குப் பனி கொட்டும்னு பேப்பர்ல போட்டிருக்கான். எஞ்சின் விறைச்சுப்போச்சுன்னா?"

"போர்த்துங்க, நல்லாப் போர்த்துங்க. நான்தான் குடுத்துட்டனே. எனக்கு இந்தச் சால்வை போதும்."

"ஒரு மாசம்தான் புள்ள."

"இருபத்தாறு வருசத்துல எனக்கு ஒரு நாள் போர்த்திவிட்டிருக்கீங்களா? சின்னவளா வந்திருக்கணும் நானும்." அவள் குரலில் கோபம் இல்லை. கம்பளியின் மறுமுனையைப் பிடித்து, காரின் முகப்பு மேல் சுருக்கமில்லாமல் இழுத்துவிட்டதும் அவள்தான்.

அவர்கள் போன பிறகு கார் மெல்ல, "நீ யார்?" என்று கேட்டது.

"நேற்று வரைக்கும் அவள் முதுகில் இருந்தவள்" என்றது கம்பளி.

"எனக்கு நீ வேண்டாம். திரும்பிப் போய்விடு."

"எனக்குக் கால் ஏது? ஆனால் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். எனக்கென்று சூடு கிடையாது. யாரிடம் சூடு இருக்கிறதோ அதைப் போகவிடாமல் பிடித்து வைப்பேன், அவ்வளவுதான். அவள் உடம்பில் கொஞ்சம் இருந்தது. பிடித்து வைத்திருந்தேன். நீ இரும்பு. உன்னிடம் நான் எதைப் பிடித்து வைப்பது?"

கம்பளி சொன்னபடியே நடந்தது. விடியும்போது கார் எப்போதும்போல் சில்லிட்டிருந்தது. கம்பளி நனைந்து கனத்துக் கிடந்தது. வீட்டுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. முன்னைப்போல விட்டு விட்டு வராமல் தொடர்ந்து வந்தது.

தகரக் கூரையிலிருந்து பனி இறங்கிக்கொண்டிருந்தது. கார் அதனிடம் சண்டைக்குப் போனது.

"அவளை ஏன் தேடிப் பிடிக்கிறாய்?"

"நான் யாரையும் தேடிப் போவதில்லை" என்றது பனி. அதன் குரலில் பகை இல்லை. "நிற்கிறவர்கள் மேல் விழுகிறேன். ஷெட்டில் நீ நிற்கிறாய். பஸ்ஸுக்கு அவள் நிற்கிறாள். அவள் நின்றுகொண்டிருப்பது நீ நிற்பதால்தான் என்று எனக்கு யாரும் சொல்லவில்லையே."



மார்கழி பதினெட்டாம் நாள் ரேணுகா கேட்டுக்கு வரவில்லை. பத்தொன்பதாம் நாளும் வரவில்லை. இருபதாம் நாள் ஏழு மணிக்கு மருதாசலம் செருப்புக்கூடப் போடாமல் ஷெட்டுக்கு ஓடி வந்தார். உறையையும் கம்பளியையும் சேர்த்து இழுத்துப் போட்டார். சாவியைத் திருப்பினார்.

இதோ, இதற்காகத்தான் என்று கார் தன் பலத்தையெல்லாம் திரட்டியது. உள்ளே எங்கோ 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருப்பினார். மறுபடியும் 'டிக்'.

"வா சாமி. வா. உன்னை என்ன கொறையா வெச்சேன்?" என்றார் அவர்.

கார் இன்னொரு தடவை முயன்றது. விளக்கு மட்டும் மஞ்சளாக மினுக்கி அடங்கிற்று. தள்ளிக் கிளப்பவும் வழியில்லை. ஷெட் பள்ளத்தில் இருந்தது, கேட் மேட்டில் இருந்தது.

"நான் வரட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை" என்று பின்னால் ஸ்கூட்டர் சொன்னது. "உட்கார்ந்து பிடித்துக்கொள்ளும் நிலையில் அவள் இல்லை."

மருதாசலம் தெருவுக்கு ஓடிப்போய், பால் கொண்டுபோகும் வேனைக் கைகாட்டி நிறுத்தினார். வேன்காரரும் அவருமாக ரேணுகாவைத் தாங்கிப் படிப்பக்கம் கூட்டிவந்தார்கள். ஷெட்டைத் தாண்டும்போது அவள் நின்றாள். மூச்சு வாங்க வாங்கக் கீழே கிடந்த கம்பளியைப் பார்த்தாள்.

"அதை எடுத்துப் போடுங்க. அவளுக்குக் குளிரும்" என்றாள்.

"நீ வா புள்ள."

"போட்டுட்டு வாங்க."

அவர் கம்பளியை எடுத்துக் காரின் மேல் போட்டார். கோணலாக விழுந்தது. அவள் கை நீட்டி ஒரு ஓரத்தைச் சரிசெய்தாள். காரை அவள் தொட்டது அந்த வீட்டுக்கு அது வந்த பிறகு மூன்றாவது தடவை. ஆரத்தி எடுத்து நெற்றியில் பொட்டு வைத்தபோது ஒன்று. கம்பளி போர்த்தியபோது ஒன்று.

நான்கு நாள் கழித்து வீட்டு வாசலில் நிறையச் செருப்புகள் கிடந்தன.

"விசேஷமா?" என்று கேட்டது கார்.

"இவ்வளவு செருப்பை இந்த வாசலில் நான் ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன். அவருடைய அம்மா போனபோது" என்றது ஸ்கூட்டர்.

கம்பளி காரின் மேல் கிடந்தபடியே, "நான் அங்கே இருந்திருக்க வேண்டும்" என்றது.

இன்னும் சில நாள் போயிற்று. மெக்கானிக் ஒருவர் வந்து முகப்பைத் திறந்து பார்த்தார். "பேட்டரி இறங்கிப்போச்சு சார். தினம் ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி, ஸ்டார்ட் பண்ணி நிறுத்தி வெச்சிருக்கீங்க. இந்தக் குளிர்ல அது தாங்குமா? ஓடினாத்தான சார்ஜ் ஏறும். தினம் ஸ்கூல் வரைக்கும் ஒரு நடை போய்ட்டு வந்திருந்தாலே போதும், ஒண்ணும் ஆகியிருக்காது."

"ஸ்கூல் வரைக்குமா?" என்று கேட்டார் மருதாசலம்.

"சும்மா ஒரு தூரத்துக்குச் சொன்னேன் சார்."

மருதாசலம் தலையாட்டினார். மெக்கானிக் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகும் ஷெட் வாசலிலேயே நின்றிருந்தார்.

மார்கழி முடிய இன்னும் இரண்டு நாள் இருந்தது. அன்றும் புல்வெளி வெளுத்துத்தான் கிடந்தது. ஆறு மணிக்கு மருதாசலம் வந்தார். பனியன் துணி கொண்டுவரவில்லை. உறையை நீக்கினார். கம்பளியை எடுத்து உதறி, மடித்து, கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்தார். முன் இருக்கையின் பிளாஸ்டிக் உறையை ஓரத்தில் பிடித்து இழுத்தார். அது கிழிந்த சத்தம் ஷெட் முழுக்கக் கேட்டது. வெறும் இருக்கையின் மேல் கம்பளியை விரித்தார். சுருக்கம் விழாமல் இழுத்துவிட்டார்.

சாவியைத் திருப்பினார். கார் உடனே கிளம்பிற்று. அரை நிமிஷம் விட்டார். கேட்டைத் தாண்டி, மேட்டில் முதல் கியரில் ஏறினார். காரின் உள்ளே பற்களும் வளையங்களும் ஒன்றையொன்று முதன்முதலாக இறுக்கிப் பிடித்தன. எண் நாற்பத்திரண்டாயிற்று.

பஸ் நிறுத்தத்தில் நான்கு பெண்கள் முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்கள். ஒருத்தி இருமிக்கொண்டிருந்தாள். காரைப் பார்த்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மருதாசலம் காரை அவர்கள் முன்னால் நிறுத்தினார். எட்டிச் சாய்ந்து, இடப்பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.