கால்சட்டையில் கசிந்த ரகசியம்

வருஷா வருஷம் கடல் ஊருக்குள் ஏறிவந்தது. குழம்பிப்போன ராஜா, போயும் போயும் சேனாதிபதியிடம் யோசனை கேட்டார்.

"இது படையெடுப்பு!" என்றார் சேனாதிபதி. கரை நெடுக ஈட்டியோடு வீரர்களை நிறுத்தினார். ஜனங்கள் கரைக்கு வரக்கூடாது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது ராணுவ ரகசியம். யாரைக் குத்துவதென்று வீரர்களுக்கே விளங்கவில்லை.

ஆனாலும் உப்பளத்து ஜனங்கள் அந்த வருஷ வெள்ளத்துக்கு முந்தின நாளே உப்பை மேட்டுக்கு அள்ளிவிட்டார்கள். உப்பு வாரும் சுடலியைச் சபைக்கு இழுத்துவரச் செய்தார் சேனாதிபதி.

"ரகசியம் சொன்ன உளவாளியை இப்போதே காட்டு. இல்லையென்றால் சிறை!"

சுடலி, தன்னைப் பிடித்துவந்த கரைக்காவல் வீரனையே கைகாட்டினாள்.

"இவருதான் ஐயா. கால்சட்டையைப் பாருங்க, கடல்தண்ணி காஞ்சு வெள்ளைக் கோடு போட்டிருக்கு. போன மாசம் முழங்கால்ல இருந்துச்சு. இப்ப தொடைக்கு வந்துருச்சு. காவல் முடிஞ்சு எங்க தெருவழியாத்தானே போறாங்க!"

"அப்படியானால் என் படை மொத்தமும் துரோகிகளா?" என்று அலறினார் சேனாதிபதி.

ராஜா சுடலியின் பக்கம் திரும்பினார். "இப்போது என்னதான் செய்வது?"

"கரையை ஒசத்தணும் மகாராஜா. ஆளுங்க சரியான இடத்துலதான் நிக்கிறாங்க. ஈட்டியை வாங்கிக்கிட்டு மண்வெட்டியைக் குடுங்க."