அமலை பிடுங்கிய காலை

அன்னதானத்துக்குப் பேர்போன மடம் அது. நாள் முழுக்கச் சோறு போட்டால் நாள் முழுக்கப் பாத்திரமும் கழுவணும். எண்ணெயும் சோப்புமாக அழுக்குத் தண்ணீர் ஓடத்தானே செய்யும்! அதைக் கொல்லையில் ஒரு குட்டைக்குத் திருப்பி, மேலே ஆகாயத்தாமரையை மிதக்க விட்டிருந்தார் மடத்தின் குருவான சாமி. எங்கள் பக்கம் அதை அமலை என்போம். அதன் வேர் அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். தெளிந்த தண்ணீர் மறுபக்கம் வாய்க்காலில் இறங்கி, பக்கத்துத் தோட்டத்து இசக்கியம்மாளின் கீரைப்பாத்திக்குப் போகும்.

குட்டையைப் பார்த்துக்கொண்டவர் மாசிலாமணி. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்று வந்த சீடர். குருவைவிட வயதில் மூத்தவர். அதனால் சாமியே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அன்று விடிந்ததிலிருந்து மாசிலாமணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன் மகள் கல்யாணத்துக்கு அழைக்க அவருடைய தம்பி வருகிறான். அம்மா இறந்தபோது அண்ணனுக்குச் சேதியே சொல்லாமல் எல்லாக் காரியத்தையும் முடித்துவிட்டவன் அந்தத் தம்பி.

“சாமி, அவன் வந்தா நான் இங்க இல்லைன்னு சொல்லிருங்க.”

“ஏன் அண்ணாச்சி?”

“அம்மா போனதை எங்கிட்டச் சொல்லாமலே எல்லாத்தையும் முடிச்சவன் அவன். நான் அவனை மன்னிச்சு வருசக்கணக்காச்சு. இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாத்தையும் உள்ளேயே போட்டு அடக்கிட்டேன். ஆனா அவன் வாரான்னு தெரிஞ்சதுலருந்து, மூஞ்சியைப் பாத்தா அடிச்சிருவேனோன்னு பயமா இருக்கு.”

சாமி பதில் சொல்வதற்குள் வேலிக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது. இசக்கியம்மாள்தான்.

“நல்லா இருக்குய்யா ஒங்க மடம்! வாய்க்கால் தண்ணி நாத்தம் கொடலைப் பிடுங்குது. இனி என் கீரையை எவ வாங்குவா?”

இருவரும் குட்டைக்குப் போனார்கள். மேலே பச்சை இலையும் ஊதாப் பூவுமாகப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. விரல் நுழைய இடமில்லாமல் செடி அடைத்துக் கிடந்தது. நாற்றம் அடியிலிருந்து வந்தது.

“அப்பப்ப பாதிச் செடியைப் பிடுங்கிரணும்னு சொன்னேனே?”

“மனசு வரலை, சாமி. நம்ம அழுக்கைச் சுமக்கிற உசுரு. அதைப் பிடுங்கி எறியறது பாவமில்லையா?”

கரைக்கல்லில் சூடம் கொளுத்திய கரி இருந்தது. மனுஷர் தினமும் கும்பிட்டே வந்திருக்கிறார்! சாமி சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குட்டைக்குள் இறங்கினார். அடியில் துழாவி, அழுகிப்போன செடி ஒன்றை எடுத்தார். கரையில் இருந்த செம்புத் தண்ணீரில் அதைப் போட்டுப் பிசைந்தார். தண்ணீர் கறுத்தது.

மாசிலாமணி செம்பையே பார்த்தார்.

“அழுக்கை எடுக்கிற செடிதானே, சாமி? எடுத்ததை எப்படித் திருப்பிக் கொடுக்கும்?”

“எடுத்ததை எங்க வச்சிருந்துச்சு?”

“தனக்குள்ள.”

“பிடுங்குங்க.”

வெயில் ஏறும்வரை பிடுங்கினார்கள். முதல் செடிக்கு மாசிலாமணியின் கண் கலங்கியது. பிறகு வேகம் பிடித்துக்கொண்டார். பாதிக் குட்டை வெளிச்சமானதும் சாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

“மீதி?”

“இருக்கட்டும். நாளைக்கும் பாத்திரம் கழுவுவோம்லா.”

கரையில் செடி மலையாய்க் குவிந்து கிடந்தது.

“பசேல்னு இருக்கே. மாட்டுக்குப் போட்டா என்ன, சாமி?”

“மாடு என்ன பாவம் பண்ணுச்சு?”

வழியும் தண்ணீர் குட்டைக்கே திரும்பாத மேட்டில், வேப்பமரத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டினார்கள். கூடை கூடையாகச் சுமந்து கொட்டினார்கள். இசக்கியம்மாள் வேலி வழியாக எட்டிப் பார்த்தாள். திட்டாமல் கீரைப்பாத்திக்குத் திரும்பினாள். அவளுக்கு அது பெரிய சங்கதி.

கடைசிக் கூடையைக் கவிழ்க்கும்போது சமையல்காரர் ஓடி வந்தார்.

“அண்ணாச்சி, ஒங்க தம்பி வந்திருக்காரு. வாசல்ல நிக்காரு.”

மாசிலாமணியின் கையிலிருந்து கூடை நழுவியது.

“சாமி, நான் இப்ப அவன்கிட்ட என்னத்தைப் பேச?”

சாமி குழியோரத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தார். சமையல்காரரிடம், “அவருக்கு மோர் கொடுத்து நிழல்ல உக்கார வைங்க, அண்ணன் வர நேரமாகும்னு சொல்லுங்க” என்றார். அவர் போனதும் பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினார்.

“முதல்ல எங்கிட்ட பேசுங்க, அண்ணாச்சி. அம்மா போன சேதியை உங்களுக்கு யார் சொன்னா? அன்னிக்கு நீங்க எங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க?”