காலுக்கு ஒரு பூட்டு

குரு என்றதும் தாடியும் ஆலமரமும் உங்கள் கண்முன் வந்தால், தயவுசெய்து இரண்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள். இந்தக் குருவுக்கு முப்பத்தாறு வயது. பெயர் ரேணுகாதேவி. பந்தயக் கார்களின் கம்ப்யூட்டரைத் திறந்து, என்ஜின் எப்போது சீற வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று மாற்றி அமைத்துக் கொடுப்பவர். அதற்கு முன் கொஞ்ச காலம் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்தினார். அதனால் கோயம்புத்தூர்ப் பக்கம் பந்தயம் ஓட்டுகிற எல்லோருக்கும் அவர் டீச்சர்தான்.

சீடர் மயில்சாமி குருவைவிட எட்டு வயது மூத்தவர். அதைப் பற்றி இருவருமே கவலைப்பட்டதில்லை.

அவர் ஓட்டுவது வளைவே இல்லாத பந்தயம். ஆட்கள் கைவிட்ட பழைய விமான ஓடுதளம், கால் மைல் தூரம், பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கார், ஒரு பச்சை விளக்கு. விளக்கு மாறியதும் கிளம்புகிற அந்த ஒரு கணத்தில் பாதிப் பந்தயம் முடிந்துவிடும். அந்தக் கணம்தான் மயில்சாமியின் கையைவிட்டுப் போயிருந்தது. ஒரு வருடமாக அவர் எல்லாப் பந்தயத்திலும் பின்தங்கியே கிளம்பினார்.

கார் அவருடையது அல்ல. முதலாளி அன்று காலை எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்.

"மத்தியானம் தகுதிச் சுற்று. இந்தத் தடவையும் தூங்கிட்டுக் கெளம்புனீன்னா, சீட்டு வேற ஆளுக்கு."

பதினெட்டு வருடமாக அந்த சீட்டைத் தவிர மயில்சாமிக்கு வேறு எங்கேயும் நிம்மதியாக உட்காரத் தெரியாது. டீச்சர் வந்து சேர்ந்ததும் அவரிடம் போனார்.

"டீச்சர், லாஞ்ச் கண்ட்ரோல் போட்டுக் குடுங்க."

"போட்டுடலாங்ண்ணா."

"எந்த நம்பர்ல வெச்சா என்ற கால் தப்புப் பண்ணாது?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "கார்ல உக்காருங்க" என்றார்.

கால் என்ன தப்புப் பண்ணியது என்பதைச் சொல்லிவிட வேண்டும். கார் கிளம்புகிற கோட்டுக்கு வரும்போது ஒரு மார்ஷல் அதன் முன்னால் பின்னோக்கி நடந்தபடியே, வா, வா, இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டுவார். ஓட்டுகிறவர் அந்தக் கையை மட்டும்தான் பார்ப்பார். போதும் என்று உள்ளங்கையை விரித்துவிட்டு மார்ஷல் ஓரத்துக்கு விலகிப்போவார். சென்ற வருடம் இதே ஓடுதளத்தில் மார்ஷல் காதர் பாய் உள்ளங்கையை விரித்த நேரத்தில், மயில்சாமியின் இடது கால் கிளட்சிலிருந்து வழுக்கியது. கார் ஒரே ஒரு துள்ளல்தான் துள்ளியது. காதர் பாயின் கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

யாரும் திட்டவில்லை. காதர் பாய்கூடத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மயில்சாமிக்கு நன்றாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் இரண்டு முறை போய், உள்ளே நுழையத் தைரியமில்லாமல் திரும்பி வந்தார். காதர் பாய் இப்போது கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறார். வேலைக்கும் வந்துவிட்டார். ஆனால் மயில்சாமியின் காருக்கு மட்டும் அவர் கை காட்டுவதில்லை. வேறு ஆளைப் போடுங்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் கேட்டுக்கொண்டது மயில்சாமிதான்.

டீச்சர் காரின் கம்ப்யூட்டரோடு மடிக்கணினியை இணைத்தார். கியரைக் கையால் மாற்றுகிற காரில் லாஞ்ச் கண்ட்ரோல் ஒன்றும் மாயம் அல்ல. கிளட்சை அடி வரை மிதித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முழுதாக அழுத்தினாலும், என்ஜின் நாம் சொன்ன வேகத்துக்கு மேல் சுற்றாமல் கம்ப்யூட்டர் பிடித்து வைக்கும். கிளட்ச் மேலே வரும்போது பெடலுக்கு அடியிலுள்ள ஒரு சின்ன ஸ்விட்ச் விடுபடும். உடனே கம்ப்யூட்டர் பிடியை விட்டுவிடும். கார் பாயும்.

முதலில் நிமிடத்துக்கு மூவாயிரத்து ஐந்நூறு சுற்று என்று வைத்தார். மயில்சாமி கிளம்பினார். கார் முக்கி முனகி நகர்ந்தது.

"ஏத்துங்க டீச்சர்."

ஐயாயிரத்தில் வைத்தார். அப்போதும் கார் இருமிக்கொண்டேதான் போனது. கிளட்ச் கருகிய வாடை வந்தது.

"இன்னும் ஏத்துங்க."

"ஏன்?"

"பத்தலீங்க."

டீச்சர் கையை நீட்டினார். "எறங்குங்க."

அவரே ஏறி உட்கார்ந்து ஒரு முறை கிளப்பிப் பார்த்தார். அவருக்கும் கார் இருமியது. பிறகுதான் பாயத் தொடங்கியது. திரும்பி வந்து நிறுத்தியவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு, சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, பெடல்களுக்கு அடியில் தலையை விட்டார். மயில்சாமி அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்விட்சோட நட்டுல புதுசா ஸ்பேனர் பட்டிருக்குது" என்றது கீழேயிருந்து குரல்.

மயில்சாமி காரை விட்டு ஓர் அடி தள்ளி நின்றார்.

"கிளட்ச் முக்கால்வாசி மேல வந்ததுக்கு அப்புறந்தான் ஸ்விட்ச் விடுது. அதுவரைக்கும் என்ஜினோட கழுத்தைப் புடிச்சு வெச்சிருக்குது. கார் எப்படிங்ண்ணா கெளம்பும்?"

கீழேயிருந்து டார்ச் வெளிச்சம் மயில்சாமி பக்கம் திரும்பியது.

"யார் தள்ளி வெச்சது?"

"நாந்தானுங்க."

"எப்ப?"

"காத்தால. நீங்க வர்றதுக்கு முந்தி."

டீச்சர் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று மயில்சாமி எதிர்பார்த்தார். அவர் கோபப்படவில்லை, கேட்டார்.

"எதுக்குங்ண்ணா?"

"கால் வழுக்குனாலும் கார் பாயக்கூடாதுல்லீங்க. ஒரு பூட்டு மாதிரி இருக்கட்டும்னுட்டு." மயில்சாமி தன் இடது காலைப் பார்த்தார். "இந்தக் காலை என்னால நம்ப முடியலீங்க டீச்சர்."

டீச்சர் மறுபடி குனிந்து நட்டைத் தளர்த்தினார். ஸ்விட்ச்சை அது இருக்க வேண்டிய இடத்துக்கு, கிளட்ச் பிடிக்கத் தொடங்குவதற்கு ஒரு மயிரிழை முன்னால் விடுபடும்படி வைத்து இறுக்கினார். மடிக்கணினியில் நாலாயிரத்து இருநூறு என்று போட்டார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார்.

"ஹெல்மெட் போட்டுட்டு ஏறுங்க. காரைக் கோட்டுல நிறுத்துங்க."

மயில்சாமி நிறுத்தினார். ஹெல்மெட்டுக்குள் டீச்சரின் குரல் கேட்டது.

"ஹேண்ட் பிரேக்கை எறக்குங்க."

"எறக்கியாச்சுங்க."

"கிளட்ச் அடி வரைக்கும்."

"சரிங்க."

"முதல் கியர்."

"போட்டாச்சு."

"ஆக்சிலேட்டர் முழுசா."

மிதித்தார். என்ஜின் சீறி எழுந்து நாலாயிரத்து இருநூறில் முட்டி நின்று படபடவென்று வெடித்தது. கார் முழுக்க உதறியது. விலகி நிற்பார் என்று மயில்சாமி நினைத்த டீச்சர், மடிக்கணினியைக் கீழே வைத்துவிட்டு நடந்து வந்து காரின் முன்னால் நின்றார். பம்பருக்கும் அவருடைய முழங்காலுக்கும் ஒரு முழம்கூட இல்லை.

"டீச்சர், தள்ளி நில்லுங்க!"

"கேள்வியைத் திருப்பிக் கேளுங்க."

"என்ன கேள்விங்க?"

"காத்தால கேட்டீங்களே."

"வெளையாடாதீங்க டீச்சர். நான் ஆஃப் பண்றேன்."

"பண்ணிக்குங்க. பண்ணிட்டு சாவியை ஓனர்கிட்டக் குடுத்துட்டு வூட்டுக்குப் போங்க."

மயில்சாமி சாவியின் பக்கம் கையைக் கொண்டுபோனார். கை பாதியிலேயே நின்றுவிட்டது. இடது தொடை நடுங்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பெடல் எவ்வளவு மேலே வந்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். காலையில் அவர் போட்டு வைத்த பூட்டும் இப்போது இல்லை. மெக்கானிக்குகள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவது கண்ணாடியில் தெரிந்தது. முதலாளி என்னவோ கத்தினார். பயம் என்றால் சாதாரணப் பயம் அல்ல, வாயெல்லாம் கசந்தது.

"கேளுங்கண்ணா."

"எந்த நம்பர்ல வெச்சா..." குரல் உடைந்தது. "எந்த நம்பர்ல வெச்சா என்ற கால் தப்புப் பண்ணாது?"

"இப்ப நாலாயிரத்து இருநூறுல இருக்குது. கால் என்ன பண்ணுது?"

"நடுங்குதுங்க."

"நடுங்கட்டும். என்ன பண்ணுது?"

மயில்சாமி மூச்சை இழுத்தார். குனிந்து பார்க்கத் தைரியமில்லை. பெடல் தரையோடு தரையாக இருப்பதைப் பாதத்தால்தான் உணர்ந்தார்.

"மிதிச்சுட்டு இருக்குதுங்க."

அப்போது ஹெட்செட்டில் வேறொரு குரல் கேட்டது. டீச்சருக்கு மிகப் பக்கத்தில் நின்று யாரோ பேசினார்கள்.

"நகருங்க டீச்சர். இது நான் நிக்கற எடம்."

காதர் பாய் தாங்கித் தாங்கி நடந்து வந்து டீச்சரைத் தோளைத் தொட்டு விலக்கிவிட்டு, பம்பருக்கு முன்னால், சென்ற வருடம் நின்ற அதே இடத்தில் நின்றார். முன்கண்ணாடி வழியாக மயில்சாமியைப் பார்த்தார். ஒரு வருடத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான். அந்த முகத்தில் கோபம் இருக்கிறதா என்று மயில்சாமி தேடினார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்ததைத் தவிர அதில் வேறு எதுவும் இல்லை.

என்ஜின் வெடித்துக்கொண்டே இருந்தது. புகைக்குழாய் சிவந்துவிட்டது என்று யாரோ கூவினார்கள்.

காதர் பாய் நிதானமாகக் கையை உயர்த்தி உள்ளங்கையை விரித்தார். போதும்.

மயில்சாமி வலது காலை எடுத்தார். சாவியைத் திருப்பினார். ஓடுதளம் முழுக்க அமைதியானது. இடது கால் மட்டும் கிளட்சை விடவில்லை. என்ஜின் நின்ற பிறகும் அது மிதித்துக்கொண்டே இருந்தது. டீச்சர் வந்து ஜன்னலில் குனிந்தார்.

"வழுக்கியிருந்தா என்னங்க பண்ணியிருப்பீங்க?" என்றார் மயில்சாமி. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"வழுக்குச்சுங்களா?" என்று கேட்டார் டீச்சர்.

மத்தியானம் தகுதிச் சுற்றுக்கு மயில்சாமியின் கார் கோட்டுக்கு வந்தபோது, வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. காதர் பாய்தான் முன்னால் பின்னோக்கி நடந்து வந்தார். வா, வா, இன்னும் கொஞ்சம். மயில்சாமி அந்தக் கையை மட்டும் பார்த்தார். உள்ளங்கை விரிந்தது. கார் நின்றது. காதர் பாய் அவசரமே படாமல், தாங்கித் தாங்கி நடந்து ஓரத்துக்குப் போனார். அவர் போய்ச் சேரும்வரை மயில்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முன்னால் பார்த்தார். அங்கே வெறும் ஓடுதளம் மட்டும் இருந்தது.

கிளட்ச் அடி வரை போனது. என்ஜின் நாலாயிரத்து இருநூறில் போய் முட்டியது. தொடை நடுங்கியது. பச்சைக்கு முந்திய மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்து இறங்கின. இடது கால் என்ன செய்யப்போகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

பச்சை.

கால் விட்டது.

முதுகை யாரோ சீட்டில் வைத்து அறைந்த மாதிரி இருந்தது. பக்கத்துக் கார் கண்ணுக்கே தெரியவில்லை. அது கடைசியில் முந்திவிட்டது உண்மைதான், அதன் என்ஜினுக்கு வலு அதிகம். ஆனால் முக்கால்வாசித் தூரம் மயில்சாமிதான் முன்னால் போனார். எல்லாக் கார்களின் நேரத்தையும் கணக்கிட்டபோது சுற்றில் மூன்றாவது இடம் கிடைத்தது. முதலாளி வாழ்த்தவில்லை, அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது. "நாளைக்கு நேரத்துல வந்து சேரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு என்ன பொருள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

டீச்சர் ஒயர்களைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். மயில்சாமி பக்கத்தில் போய் நின்றார். ஹெல்மெட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், காதர் பாயை வரச் சொன்னது நீங்களா?"

"இல்லீங்ண்ணா. அவராத்தான் வந்தாரு."

"அப்ப நீங்க எதுக்கு முன்னாடி வந்து நின்னீங்க?"

டீச்சர் மடிக்கணினியை மூடினார்.

"காத்தால நீங்க எங்கிட்ட வர்றதுக்கு முந்தி அவரும் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டாருங்ண்ணா."

"என்ன கேட்டாருங்க?"

"'மயிலு ஏன் டீச்சர் கெளம்பவே மாட்டேங்கறான்? கார் முன்னாடி விழுந்து கெடந்தவன் நானு, நானே எந்திரிச்சுப் போயி மாசக்கணக்காச்சே'ன்னு கேட்டாரு."