ஆளுக்குப் பாதி

வால்பாறைப் பக்கம் ஓர் எஸ்டேட் தொரை. மலை உச்சியில் தங்கப் போகிறேன், கூலியாள் வேண்டாம், நானே சுமப்பேன் என்று வீம்பு. ஸ்டோரில் வேலை பார்க்கும் மாடத்தியை மிரட்டினார்.

“தூக்கினா கனக்கக் கூடாது, மழைக்காத்துல கிழியவும் கூடாது. அப்படி ஒரு டெண்ட் எடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

மெல்லிசான டெண்ட்டைக் காட்டினாள். “காத்துல தாங்குமா இது?” என்று தள்ளினார். கெட்டியான டெண்ட்டைக் காட்டினாள். தூக்கிப் பார்த்து மூச்சு வாங்கினார்.

மாடத்தி அந்தக் கெட்டி டெண்ட்டைப் பிரித்தாள். துணி ஒரு மூட்டை, கம்பியும் முளையும் இன்னொரு மூட்டை. ஒன்றை அவர் கையில் கொடுத்தாள்.

“கனக்குதா தொரை?”

“இல்லையே!”

“மத்ததை உங்ககூட வர்ற சிநேகிதருகிட்டக் குடுத்திருங்க. யாரு வர்றாங்க?”

தொரை வெகுநேரம் யோசித்தார். ஒரு பெயரும் வரவில்லை.

“அந்த மெல்லிசானதையே குடு” என்றார்.