அண்டாப் பட்டறையும் பூட்டி வெச்ச பஞ்சும்

முன்னொரு காலத்துல தாமிரமலைச் சீமையைச் சண்டமாருதராசான்னு ஒருத்தன் ஆண்டுக்கிட்டிருந்தான். ஆண்டான்னு மரியாதைக்குச் சொல்றது. சாப்பிட்டான், தூங்கினான், நடுவுல எதுக்காவது ஆசைப்பட்டான். பக்கத்துச் சீமை ராசாகிட்ட ஐநூறு செப்பு அண்டா இருக்காம்னு எவனோ ஓதிட்டான். "அப்ப நமக்கு ஆயிரம்!"னு தொடையைத் தட்டினான். ஆயிரம் அண்டாவுல யாருக்குச் சமைக்கிறதுன்னு கேக்க சபையில ஒரு நாக்கும் எழும்பல.

உடனே கோட்டைக்குள்ள ஒரு பட்டறை. ஒரே கூரை, நாப்பது ஆசாரி, நாப்பது சுத்தியல். விடிஞ்சதுலேர்ந்து பொழுது சாயற வரைக்கும் டங்கு டங்குன்னு தகட்டை அடி. அந்தக் கூரையில காக்கா கூட உக்காராது. பட்டறை அதிகாரி பூவராக ராயர் மூணு தெரு தள்ளி இருக்கை போட்டிருந்தாரு. சத்தம் அவருக்கு ஆகாதாம், தலைவலியாம்.

பட்டறையிலேயே கெட்டிக்காரன் குத்தாலம் ஆசாரி. எட்டு வருசத்துல அண்டா அறுநூறு ஆச்சு, குத்தாலத்தோட காது ரெண்டும் பூச்சியமாச்சு.

ஒருநாள் ராசா சொல்லாம கொள்ளாம பட்டறைக்கு வந்தான். வாசலைப் பாத்து இருந்தவங்க எழுந்து கும்பிட்டாங்க. குத்தாலம் முதுகைக் காட்டிக்கிட்டு அடிச்சிட்டிருந்தான்.

"நிறுத்துடா!"

டங்கு.

"டேய், நான் ராசாடா!"

டங்கு டங்கு.

ராசாவுக்கு மூக்கு நுனி வரைக்கும் சிவந்துடுச்சு. "கட்டி இழுத்துட்டு வாங்க சபைக்கு!"

குத்தம், ராசாவை அவமதிச்சது. தண்டனை, முப்பது சவுக்கடி, அப்புறம் குடும்பத்தோட சீமையை விட்டே விரட்டுறது. காது செத்த ஆசாரிக்கு வேற சீமையில எவன் சுத்தியல் குடுப்பான்? ராயருக்கோ உள்ளுக்குள்ள பொங்கல். போன மாசம் குத்தாலம் அடிச்ச அண்டாவைத் தடவிப் பாத்து ராசா "பலே"ன்னதுலேர்ந்து அவருக்குத் தீராத வயித்தெரிச்சல்.

குத்தாலம் கும்பிட்டான். "மகாராசா, எனக்குக் காது கேக்காதுங்க. பட்டறைச் சத்தம் தின்னுடுச்சு. உங்க பாட்டனார் போட்ட சட்டம் இருக்குங்களே, வேலை வாங்குறவன்தான் வேலைக்காரன் உடம்புக்குக் காவல்னு."

"ராயரே, சட்டப்படி நடந்தீரா?"

"நடந்தேனா? ஓடினேன் மகாராசா! தினம் காதுல அடைக்க ஆளுக்கு ரெண்டு உருண்டை மெழுகுப் பஞ்சு. போதாததுக்கு, 'சத்தம் காதைக் கெடுக்கும், சாக்கிரதை'ன்னு தினம் ஒருத்தன் பட்டறைக்குள்ள உரக்க வாசிக்கிறான்."

"எப்ப வாசிக்கிறான்?"

"வேலை நடக்கும்போதுதான். அதுக்காக அடிக்கிறதை நிறுத்த முடியுமா?"

ராசா தலையாட்டினான். ராயருக்குத் தெம்பு வந்துடுச்சு. "ரத்தம் வருதா? வீக்கம் இருக்கா? கண்ணுக்குத் தெரியாத காயம் என்ன காயம்? எல்லாம் நடிப்பு. ஏ குத்தாலம், உன் மூத்த பொண்ணு பேரென்ன?"

"வடிவாச்சிங்க."

"பாத்தீங்களா, கேக்குது!"

சபையே சிரிச்சுது. குத்தாலத்துக்குச் சிரிப்புச் சத்தம் கேக்கல. திறந்த வாயும் குலுங்குற தொப்பையும்தான் தெரிஞ்சுது. அந்தச் சந்தடியில ராயர் தூண் ஓரமாப் போயி தன் ஆளுகிட்ட என்னமோ முணுமுணுத்தாரு. அதுவும் தெரிஞ்சுது. பட்டறையில எவன் குரலும் எவனுக்கும் எட்டாது. கிண்டல், கெட்ட வார்த்தை, சம்பந்தப் பேச்சு, எல்லாத்தையும் உதட்டைப் பாத்தே பேசிப் பழகின பயலுக அவங்க.

"மகாராசா, ராயரய்யா எனக்கு முதுகைக் காட்டி நின்னு கேக்கட்டும்."

ராயர் திரும்பி நின்னு தொண்டை கிழியக் கத்தினாரு. "ஏ எருமை! உன் வீடு பத்தி எரியுதுடா!"

வாசக்காவலன் குடத்தைத் தூக்கிட்டு ஓடினான். குத்தாலம் ராயர் குடுமியையே பாத்துக்கிட்டு நின்னான்.

"அழுத்தக்காரன்! நடிக்கிறான்!"ன்னு திரும்பினாரு ராயர்.

"அப்ப மாத்திச் சோதிங்க சாமி. நான் சபைக் கடைசிக்குப் போறேன். பக்கத்துல இருக்கறவனுக்கே கேக்காத மாதிரி மகாராசா முணுமுணுங்க. நல்ல காதுக்காரன் சொல்ல முடியாததை நான் சொல்றேன்."

ராசாவுக்கு விளையாட்டுன்னா உசுரு. உதட்டை மட்டும் அசைச்சான். அந்தக் கோடியிலேர்ந்து குத்தாலம் பதில் சொன்னான். தன் குரல் தனக்கே கேக்காதவன் இல்லையா, கோட்டையே அதிர்ந்துச்சு. "கருவாட்டுக் குழம்பு திங்கணும்போல இருக்கு, மகாராணிக்குத் தெரிஞ்சா தொலைச்சிடுவான்னு சொன்னீங்க!"

அந்தப்புரத்துச் சன்னல் படார்னு திறந்துச்சு.

"நம்பிட்டேன்! நம்பிட்டேன்! வாயை மூடு!"

"இன்னொண்ணும் படிச்சேன் மகாராசா. எல்லாரும் சிரிச்சப்ப ராயரய்யா தன் ஆளுகிட்ட, 'பூட்டி வெச்ச பஞ்சுப் பெட்டியை ஓடிப்போயி பட்டறையில திறந்து வை, ராசா ஆளனுப்புவான். அவன் ஒரு காலி அண்டா, தட்டினா சத்தம் வரும், உள்ள ஒண்ணுமிருக்காது'ன்னாரு."

சேவகர்கள் பாய்ஞ்சாங்க. பட்டறை வாசல்ல ராயரோட ஆள் பூட்டோட மல்லுக்கட்டிட்டிருந்தான். பெட்டியைச் சபையில வெச்சு உடைச்சாங்க. எட்டு வருசத்துப் பஞ்சு, ஒரு உருண்டை குறையல. நடுவுல எலி குட்டி போட்டிருந்துச்சு. அந்தச் சீமையில காது பத்திரமா இருந்த ஒரே குடும்பம்!

"வாங்கினது நெசந்தானே மகாராசா!"ன்னு ராயர் முனகினாரு.

"வாங்கினா ஆச்சா? போட்டாங்களான்னு பாக்கறது யாரு, உம்ம மாமனாரா?" ராசா எழுந்தான். "இனிமே ஒரு கூரைக்குப் பத்துப் பேருதான், நடுவுல கனத்த சுவரு. ஒருத்தன் அரை நாளுக்கு மேல அடிக்கக் கூடாது. காதுல பஞ்சு ஏறாம கையில சுத்தியல் ஏறக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை நீர் இருபதடி தள்ளி முதுகைக் காட்டி நின்னு, ஒவ்வொருத்தனையும் பேர் சொல்லி மெதுவாக் கூப்பிடணும். இன்னும் ஒருத்தன் காது மந்தமானாலும் உம்ம பதவி போச்சு!"

அதுவரைக்கும் எல்லாரையும் எருமைன்னே கூப்பிட்டவரு, நாப்பது பேரை மனப்பாடம் பண்ண உக்காந்தாரு.

"குத்தாலம், உனக்கு என்ன வேணும்?"

"போன காதை உங்களால தர முடியாது. அந்தச் சவுக்கை உள்ள வெக்கச் சொல்லுங்க, போதும்."

ராசா விடல. சிம்மாசனத்துக்குப் பக்கத்துலயே ஆசனம் போட்டு உக்கார வெச்சான். மறுநாள் சபை கூடினப்ப பிரதானிங்க அத்தனை பேரும் இடுப்பை வளைச்சு, துண்டால வாயைப் பொத்திக்கிட்டு வந்து நின்னாங்க.

ராசாவுக்குப் பூரிப்பு தாங்கல. "பாத்தியா குத்தாலம், எம்மேல எம்புட்டு மரியாதை!"

"ஆமாங்க மகாராசா"ன்னான் குத்தாலம். "நேத்து வரைக்கும் இல்லாத மரியாதை."