சாயங்காலத்தில் பாதி

“ஆறு மணிக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லுங்க, தாயி. மத்ததெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்.”

பலவேசம் இப்படித்தான் ஆரம்பித்தார். கும்பிடு கிடையாது, முன்னுரை கிடையாது.

செண்பகத்தம்மா பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். முழங்கை வரை எண்ணெய்.

மலையடிவாரத்தில் இரண்டு அறை, ஒரு கிணறு, எட்டுக் கோழிகள். அதற்குப் பெயர் ஆசிரமம். பலகையும் இல்லை, உண்டியலும் இல்லை. அம்மாவுக்கு நாற்பது வயது. ஆறுதலாகப் பேசத் தெரியாது. அதற்காகவே சிலர் தேடி வந்தார்கள்.

வந்து உட்கார்ந்திருப்பவருக்கு ஐம்பத்துமூன்று. பஸ் டிப்போவில் மெக்கானிக். குடியை விட்டு அன்றோடு பத்தொன்பது நாள்.

“மத்ததுன்னா என்ன?”

“கை நடுக்கம், வேர்வை, தூக்கம் வராதது. அதெல்லாம் ஆஸ்பத்திரியில மாத்திரை குடுத்துச் சரி பண்ணிட்டாங்க. ஆறு மணிக்கு மட்டும் மாத்திரை இல்லைன்னுட்டாங்க.”

“ஆறு மணிக்கு என்ன வருது?”

“ஒண்ணும் வரமாட்டேங்கு. அதுதான் சங்கடமே. முப்பது வருஷமா அந்த நேரத்துல நான் வீட்டுல இருந்ததே கிடையாது. இப்ப உக்காந்தா யார் வீட்டுலயோ உக்காந்த மாதிரி இருக்கு.”

“என்னென்ன செஞ்சு பாத்தீங்க?”

“நடந்தேன். கால் எனக்கு முந்திப் போகுது. எங்கன்னு நான் சொல்ல வேண்டாம்.”

“அப்புறம்?”

“டிவி போட்டேன். எந்தப் படம் போட்டாலும் ஒருத்தன் குடிக்கான். கீழ எச்சரிக்கை வேற எழுதிப் போடுதாங்க. நானா மறந்தாலும் அவங்க விடமாட்டாங்க போல.”

“கோயில்?”

“போனேன். அரை மணி நேரம். அப்புறம் சாமி என்னைப் பாக்க, நான் சாமியைப் பாக்க, ரெண்டு பேருக்கும் பேச விஷயம் இல்ல.”

அம்மா சிரிக்கவில்லை. பலவேசமும் சிரிக்கச் சொல்லவில்லை.

“தோட்டம் போடுங்கன்னான் மருமகன். ரெண்டு தக்காளிச் செடி வச்சேன். ஆறு மணிக்குத் தண்ணி ஊத்துனேன். ஆறே காலுக்கு ஊத்துனேன். ஏழுக்கு ஊத்துனேன். அழுகிப்போச்சு, தாயி.”

“வீட்டுல என்ன சொல்லுதாங்க?”

“இசக்கியா? அவ ஒண்ணும் சொல்லல. ஒரு பெட்டியைக் கட்டி வாசக்கதவுகிட்ட வச்சிருக்கா. இன்னொரு தடவை என் மேல வாடை அடிச்சா மக வீட்டுக்குப் போயிருவாளாம். திரும்ப மாட்டாளாம்.”

“போயிருவாங்களா?”

“போயிருவா. அவ சொன்னா சொன்னதுதான். தினமும் அந்தப் பெட்டியை நகத்திட்டுப் பெருக்குதா. பெருக்கிட்டு மறுபடி அங்கயே வைக்கா.”

அம்மா கத்தியைக் கீழே வைத்தாள்.

“முந்தியெல்லாம் ஆறு மணிக்கு எப்படி ஆள் பிடிப்பீங்க?”

“எதுக்கு?”

“குடிக்கத்தான்.”

பலவேசம் சுற்றுமுற்றும் பார்த்தார். கோழிகள் மட்டும்தான் இருந்தன. குரலைத் தாழ்த்தினார்.

“கட்டிங்…”

“கோழி யார்கிட்டயும் சொல்லாது. சத்தமாச் சொல்லுங்க.”

“ஒரு குவார்ட்டர் வாங்கக் கையில இருக்காது. இருந்தாலும் முழுசாக் குடிச்சா முழுக் குடிகாரன், பாதி குடிச்சா அரைக் குடிகாரன். அப்படி ஒரு நெனப்பு. அதனால கடை வாசல்ல போயி நிக்கிறது. நம்மளை மாதிரி இன்னொருத்தன் நிப்பான். ‘கட்டிங்கா’ன்னு கேட்டா ‘ஆமா’ம்பான். ரெண்டு பேருமாச் சேந்து ஒண்ணு வாங்கி, ஆளுக்குப் பாதி.”

“தெரிஞ்ச ஆளா?”

“தெரிஞ்சவன்னா வீட்டுக் கதை கேப்பான். தெரியாதவன்தான் நல்லது.”

“பேரு?”

“கேக்கமாட்டோம்.”

“ஊரு, சாதி?”

“அங்க யாரு தாயி அதெல்லாம் பாக்கா? ஒரே கிளாஸ்ல குடிச்சிருக்கோம்.”

“ஆள் கிடைக்க எவ்வளவு நேரமாகும்?”

“ரெண்டு நிமிஷம். மழைன்னா மூணு.”

“முன்னப்பின்ன தெரியாத ஆள்கிட்டக் கேக்க வெக்கமா இருக்காதா?”

“இதுல என்ன வெக்கம்? எனக்கும் வேணும், அவனுக்கும் வேணும்.”

அம்மா ஒரு சுளையைப் பிளந்து கொட்டையை நீக்கி அவர் கையில் வைத்தாள்.

“அப்ப இன்னைக்கும் கேளுங்க.”

வாய்க்குக் கொண்டுபோன சுளை பாதியில் நின்றது.

“என்னத்த?”

“குடிக்காம இருக்கிறதுக்குத்தான். முழுச் சாயங்காலம் உங்களால ஆகலைல்லா? பாதிக்கு ஆள் பிடிங்க.”

பலவேசம் சுளையை மென்று விழுங்கினார். முகம் தெளிந்தது.

“இசக்கிகிட்டயே கேட்டுருதேன்.”

“அவங்ககிட்டக் கேக்கக் கூடாது.”

“ஏன்? கட்டுன பொண்டாட்டி…”

“முப்பது வருஷமா முழுப் பாட்டிலையும் அவங்கதான் குடிச்சிருக்காங்க. அவங்க பங்கு முடிஞ்சுபோச்சு.”

பலவேசம் எழுந்து போனார். போகும்போதும் கும்பிட மறந்துவிட்டார்.



மறுநாள் காலையிலேயே வந்து நின்றார்.

“நீங்க சொன்னது நடக்காது, தாயி.”

அம்மா கோழிக்கூட்டுக்குக் கம்பிவலை அடித்துக்கொண்டிருந்தாள். வாய் நிறைய ஆணி. புருவத்தை மட்டும் உயர்த்தினாள்.

“மச்சினன் வீட்டுக்குப் போனேன். ‘என்ன விஷயம் அத்தான்’னான். ‘சும்மா’ன்னேன். காப்பி வந்துச்சு. மறுபடியும் ‘என்ன விஷயம்’னான். ‘சும்மாதான் மாப்ள’ன்னேன். உள்ள போயி அவன் பொண்டாட்டிகிட்டக் குசுகுசுன்னான். அந்தத் தங்கச்சி வெளிய வரும்போது கழுத்துச் சங்கிலியை முந்தானைக்குள்ள விட்டுக்கிட்டு வருது. நான் அடகு வைக்க நகை கேட்டு வந்திருக்கேனாம்.”

சுத்தியல் இரண்டு முறை விழுந்தது.

“ஏழு மணிக்கு ரெண்டு பேரும் கடிகாரத்தைப் பாக்காங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.”

அம்மா வாயிலிருந்த ஆணிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

“கடை வாசல்ல நின்னுக்கிட்டு ‘சும்மா’ன்னு சொன்னா கட்டிங் கிடைக்குமா?”

பலவேசம் தலையைச் சொறிந்தார்.

“கிடைக்காது.”

ஆணிகள் வாய்க்குள் திரும்பிப் போயின.



அதற்கு அடுத்த நாள் டிப்போவிலிருந்து நேராக வந்தார். மணி ஐந்து. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. சட்டையில் கிரீஸ், கண்ணில் கோபம்.

“சொன்னேன், தாயி. வாயைத் திறந்து சொன்னேன். மொதல்ல யூனியன் ஆபீஸ்ல அருமைநாயகத்துகிட்ட. ‘நான் குடியை விட்டிருக்கேன், சாயங்காலம் கூட இருக்க ஆள் வேணும்’னேன். ‘நீ விடுறதாவது ஓய்! இன்னும் எத்தன நாளைக்கு? பந்தயம் வச்சுக்கிடுவமா?’ன்னான். பத்துப் பேரு சிரிக்காங்க.”

“அப்புறம்?”

“தெருமுக்குல ரிட்டையரான எட்மாஸ்டர் இருக்காரு, ஞானசிகாமணி சார். அவர்கிட்டப் போனேன். உக்கார வச்சாரு. ஈரல் எப்படி இருக்கும்னு பேப்பர்ல படம் போட்டுக் காமிச்சாரு. எட்டு மணி வரைக்கும்.”

“எப்படியோ எட்டு மணி ஆயிட்டுல்லா?”

“ஆச்சு. வெளிய வந்தா, முந்தி எப்பவும் இல்லாத அளவுக்குக் குடிக்கணும் போல இருந்துச்சு.”

கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“குடிச்சீங்களா?”

“இல்ல.”

“என்ன செஞ்சீங்க?”

அவர் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தார்.

“வாய்க்கால்ல இறங்கிக் கழுத்தளவு தண்ணியில நின்னேன். கடை அடைக்க வரைக்கும்.”

அம்மா தவிட்டுக் கையைக் கழுவினாள்.

“ஈரத்தோட வீட்டுக்குப் போனேன். இசக்கி கிட்ட வந்து மோந்து பாத்தா. வாய்க்கால் வாடைதான். துண்டை எடுத்துக் குடுத்துட்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.” மறுபடியும் மூக்கைத் துடைத்தார். “நேத்து நின்னுட்டேன். இன்னைக்கு நிக்க மாட்டேன், தாயி. எனக்கே தெரியுது. அதான் நேரா இங்க வந்தேன். இன்னும் ஒரு மணி நேரந்தான் இருக்கு.”

அம்மா வந்து அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் அவள் கையில் வேலை இல்லாமல் உட்கார்ந்தது அப்போதுதான்.

“நீங்க கேட்டதுல தப்பில்ல அண்ணாச்சி. பசியில்லாதவங்க வீடாப் பாத்துப் போயி, சோத்துல பாதி வேணுமான்னு கேட்டிருக்கீங்க.”



ஒரு கோழி கிணற்றடிக்கு வந்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பிப் போனது.

“பசிச்சவன் நிக்கிற இடம் எனக்கு ஒண்ணுதான் தெரியும்” என்றார் பலவேசம், மெதுவாக.

“எது?”

“கடை வாசல். அங்க போகச் சொல்லுதீங்களா?”

“நான் எங்கயும் போகச் சொல்லல.”

“அங்க போனா விழுந்துருவேன், தாயி.”

“விழலாம்.”

“இதைச் சொல்லத்தான் ஆசிரமம் வச்சிருக்கீங்களாக்கும்!”

அம்மா கையை நீட்டினாள்.

அவருக்குப் புரியவில்லை. கும்பிட வேண்டுமோ என்று குனிந்தார்.

“குனிய வேண்டாம். சட்டைப் பையில இருக்கிறதை இங்க வைங்க. பேன்ட்டுல இருக்கிறதையும்.”

வைத்தார்.

“போனையும்.”

“போன் எதுக்கு?”

“இப்பல்லாம் காசு அதுக்குள்ளதான இருக்கு? யாரை ஏமாத்தப் பாக்கீங்க?”

போனையும் வைத்தார். எல்லாம் கோழித் தவிட்டு டப்பாவுக்குள் போயிற்று.

“பதினொரு மணி வரைக்கும் முழிச்சிருப்பேன். விழுந்தாலும் இங்க வாங்க. விழலைன்னாலும் வாங்க. உங்க வீட்டுப் பெட்டிக்கு என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. சோறு இருக்கும்.”

இந்த முறை பலவேசம் கும்பிட்டார்.



ஆறு மணி.

கடை வாசலில் எப்போதும் போல் கூட்டம். கம்பிக்கூண்டுக்கு முன்னால் வரிசை என்று ஒன்று இருந்தது. அதில் யாரும் நிற்கவில்லை, எல்லோரும் முட்டிக்கொண்டிருந்தார்கள். வாடை தெருமுக்கிலேயே வந்து அவரை அழைத்துக்கொண்டு போயிற்று.

வேப்பமரத்தடியில் நின்றார். பழைய இடம்.

யாரிடம் கேட்பது? எப்படி ஆரம்பிப்பது? ஆசிரமத்திலிருந்து வரும் வழியெல்லாம் ஒட்டிச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் ஒன்றுகூட நாக்கில் இல்லை.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

“கட்டிங்கா அண்ணாச்சி?”

ஒல்லியான ஆள். நாற்பது இருக்கும். நகக்கண்ணில் வெள்ளைப் பெயிண்ட். தோளில் தொங்கிய பையில் காலி டிபன் பாக்ஸ் கடகடத்தது.

இருபத்தொரு நாளில் பலவேசத்தை யாரும் இவ்வளவு பிரியமாக ஒரு வார்த்தை கேட்டதில்லை.

“கையில காசு இல்ல” என்றார்.

“அதுக்கென்ன? இன்னைக்கு நான் போடுதேன், நாளைக்கு நீங்க போடுங்க. மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. வாங்க.”

பெயிண்டர் அவர் தோளில் கை போட்டார். சூடான கை. பலவேசத்தின் கால் ஓர் அடி எடுத்து வைத்தது. அவரைக் கேட்காமலே இன்னோர் அடி.

கம்பிக்கூண்டு தெரிந்தது. உள்ளே அடுக்கியிருந்த பெட்டிகள் தெரிந்தன. முன்னால் நின்றவனுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“கட்டிங்தான் தம்பி” என்றார் பலவேசம். “ஆனா அதுல இல்ல.”

“பின்ன எதுல?”

“இருபத்தொரு நாளா நான் குடிக்கல. இன்னைக்கும் குடிக்காம இருக்கணும். முழுசும் என்னால ஆகல. பாதி நீங்க எடுத்துக்கிடுவீங்களா?”

பெயிண்டருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு சிரித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் என்னவென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார்கள்.

“குடிக்காம இருக்கக் கட்டிங்கா? நல்லாருக்கே கதை!”

பலவேசம் சிரிக்கவில்லை. தோளில் இருந்த கையை எடுத்துவிடவும் இல்லை. அப்படியே நின்றார். வாய்க்கால் தண்ணீரில் நின்ற மாதிரி.

சிரித்தவர்கள் கூண்டுப் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

பெயிண்டர் திரும்பவில்லை. உள்ளங்கையில் மடித்துப் பிடித்திருந்த நோட்டைப் பார்த்தார். அது வேர்வையில் நனைந்திருந்தது.

“ஏய், வாங்குறதுன்னா வாங்கு, இல்லைன்னா தள்ளி நில்லு!” பின்னாலிருந்து யாரோ இடித்தார்கள்.

பெயிண்டர் தள்ளி நின்றார்.

“இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானா?”

“இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான்.”

“எத்தன மணி வரைக்கும்?”

“கடை அடைக்க வரைக்கும்.”

பெயிண்டர் தெருவின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார்.

“எங்க உக்காருவோம்?” என்றார்.